அப்பா அம்மாவோடு லடாக்: இந்த 5 நாள் திட்டம் சரிப்படுமா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு லடாக் கிளம்புகிறோம். நான், என் கணவர் (38), மகன் (9), அப்பா (64), அம்மா (59). அப்பா புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 31 வருடம் கரும்பலகையில் சிந்து நதியை வரைந்தவர், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போன பொங்கலன்று பேச்சுவாக்கில், "சிந்துவில் ஒருதரம் கை நனைத்துவிட்டால் போதும்" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டம் இது. முதல் நாள் டெல்லியிலிருந்து காலை விமானத்தில் லே, மதியம் சாந்தி ஸ்தூபி, லே அரண்மனை. இரண்டாம் நாள் கர்துங் லா கணவாய் வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு, இரவு ஹுண்டரில். மூன்றாம் நாள் ஷியோக் வழியாக பாங்காங் ஏரி, ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்கல். நான்காம் நாள் சாங் லா வழியாக லே. ஐந்தாம் நாள் காலை திரும்பும் விமானம்.

அப்பாவுக்கு 12 வருடமாக பிபி, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் கிடையாது, மாத்திரை மட்டும். இருவருக்கும் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, மார்ச்சில் எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. அப்பா தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடப்பார். ஊட்டி, கொடைக்கானல் பலமுறை போயிருக்கிறோம், யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

உயரம் பற்றிக் கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் மேடம், காரில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து மோந்துகொண்டே போனால் ஒன்றும் ஆகாது" என்கிறார். அது போதுமா? உயரத்தில் வரும் நோயைத் தடுக்க டயமாக்ஸ் என்று ஒரு மாத்திரை சொல்கிறார்களே, அதை எல்லாரும் போட வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். முன்பணம் பாதிதான் கட்டியிருக்கிறேன், மாற்றுவதென்றால் இப்போதே மாற்றிவிடுவேன்.

---

புல்லட்_பயணி

நான் இரண்டு முறை பைக்கில் போனவன். விமானத்தில் போய் இறங்கியது இல்லை, அதனால் சாலை பற்றி மட்டும் சொல்கிறேன்.

நேரம் இருந்தால் ஸ்ரீநகர் வழியாகப் போங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700, லே 3,500. நடுவில் ஃபோட்டு லா 4,100 மீட்டரைத் தொட்டாலும் உடனே இறங்கிவிடுவீர்கள். கார்கிலில் ஓர் இரவு தங்கினால் உடம்புக்கு ஒரு படி கிடைத்த மாதிரி. மணாலி வழி அப்படி இல்லை. அந்த வழியில் நிறைய பேர் தங்கும் சர்ச்சு கிட்டத்தட்ட 4,300 மீட்டர், லேயைவிட உயரம். முதல் முறை அங்கே கூடாரத்தில் படுத்தேன். மண்டை பிளக்கிற வலி, ராத்திரி முழுக்க வாந்தி. அடுத்த முறை சர்ச்சுவைவிடத் தாழ்வான ஜிஸ்பாவில் தங்கிவிட்டு, விடிகாலையில் கிளம்பி ஒரே மூச்சில் லே போய்ச் சேர்ந்தேன். பயணம் நீளம்தான், ஆனால் தூக்கம் வந்தது.

வயதானவர்களை மணாலி வழியாகக் கூட்டிப் போகாதீர்கள். மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

செங்காந்தள்

உங்கள் திட்டத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. 2022 செப்டம்பரில் நாங்கள் போனது கிட்டத்தட்ட இதே திட்டத்தில்தான். நானும் என் கணவரும் மட்டும். அவருக்கு அப்போது 36 வயது. வாரத்தில் 4 நாள் ஷட்டில் விளையாடுவார், மாரத்தான் ஓடியிருக்கிறார். குடி, சிகரெட் எதுவும் இல்லை. எங்களை அழைத்துப் போன நிறுவனமும், "நீங்கள் இளவயது, ஒன்றும் ஆகாது" என்றது.

முதல் நாள் எனக்குத்தான் தலைவலி. அவர் லே கடைத்தெருவில் நன்றாகச் சுற்றினார். இரண்டாம் நாள் நுப்ராவிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பாங்காங் போனதும் சோர்வாக இருக்கிறது என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். லேசான வறட்டு இருமல். குளிர் காற்றுதான் காரணம் என்று நினைத்தோம். இரவு 11 மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு மாடிப்படி ஏறி வந்த மாதிரி இரைக்கிறது. மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன், நகம் நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சில் காது வைத்தால் கொதிக்கிற பாத்திரம் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் இப்போதும் சில ராத்திரிகளில் எனக்குக் கேட்கும்.

மொபைலில் சிக்னல் இல்லை. ஓட்டுநர் தங்கியிருந்த கூடாரத்தைத் தேடி இருட்டில் ஓடினேன். அவர் லடாக்கிக்காரர், 50 வயதிருக்கும். உள்ளே வந்து என் கணவரை ஒருமுறை பார்த்தார், "விடியும்வரை காத்திருக்கக் கூடாது, இப்போதே கிளம்பணும்" என்று இந்தியில் சொன்னார், அவ்வளவுதான். காரில் சிலிண்டர் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் காலி. வழியில் தாங்ட்சே என்ற ஊரில் நிறுத்தி ஆக்சிஜன் ஏற்பாடு செய்து, சாங் லாவைத் தாண்டி, காலை 5 மணி வாக்கில் லேயில் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். விரலில் கருவி மாட்டியபோது ஆக்சிஜன் அளவு 58. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, ஹேப் என்றார்கள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் சொன்னார். மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்தார். அதற்கப்புறம் விமானத்தில் டெல்லி. கீழே இறங்கியதும் ஒரே நாளில் தேறிவிட்டார், அது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான் அக்கா. ஏரியைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் அவர் இருமியதை நான் கவனிக்கவில்லை. நீங்கள் 5 பேர் போகிறீர்கள். யாராவது ஒருவர் மற்ற நால்வரையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

---

வேலூர்_ஹவில்தார்

அம்மா வைகைக்கரை, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். லே பக்கமும் அதற்கு மேலேயும் இரண்டு தவணை பணி செய்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. மாத்திரை விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. மற்றதைக் கண்ணால் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

இந்தத் திட்டத்தில் போகாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். விகிதம் எங்கும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறைகிறது. லேயில் அது நம் ஊர் அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லாவில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைச்சல். உடம்பு இதற்குப் பழகும், அருமையாகப் பழகும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே ஒன்றும் ஆகவில்லை என்பதை லேக்கு அத்தாட்சியாக எடுக்க முடியாது. கோளாறு பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆரம்பிக்கும்.

1962 போரில் சமவெளியிலிருந்து ஆட்களை விமானத்தில் ஏற்றி அப்படியே மேலே இறக்கினார்கள். வாலிபப் பிள்ளைகள், கல்லை உடைக்கிற உடம்பு. கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அப்படி நோய்ப்பட்ட 1,925 வீரர்களைக் கவனித்து நம் ராணுவ மருத்துவர்கள் எழுதிய ஆய்வு 1969இல் வெளிவந்தது. உலகம் முழுக்க உயர நோய் படிப்பவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ராணுவம் அந்த அடியில் கற்றுக்கொண்ட பாடம்தான் பழக்கப்படுத்தும் முறை. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை 6 நாள். அதற்கு மேல் 15,000 வரை இன்னொரு 4 நாள். அதற்கும் மேலே போவதென்றால் மறுபடி 4 நாள். எங்களைச் சண்டிகரிலிருந்து லேயில் இறக்கிய முதல் இரண்டு நாள் வேலை கிடையாது, ஓட்டம் கிடையாது, முகாமுக்குள் மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான். மூன்றாம் நாள்தான் சமதரையில் நடை, ஐந்தாம் நாள்தான் மேட்டில் ஏற்றம். ஊருக்கு ஒரு மாத விடுப்பில் வந்து திரும்பினாலும் எல்லாம் முதலிலிருந்து. கர்னலுக்கும் அதே, சமையல்காரருக்கும் அதே.

22 வயதுச் சிப்பாய்க்கு 6 நாள் கொடுக்கிற இடத்தில், 64 வயது ஆசிரியருக்கு அரை நாள் கொடுத்திருக்கிறார் உங்கள் டிராவல்ஸ்காரர்.

இரண்டாம் நாள் கர்துங் லா. பழைய பலகையில் 18,380 அடி என்று இருக்கும், உண்மையில் 17,600 அடிக்குப் பக்கம். அதுவே போதுமான உயரம். ஆனால் கணவாயைக் கடப்பதைவிட, ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஹுண்டர் லேயைவிடத் தாழ்வு, சுமார் 3,100 மீட்டர், அங்கே நன்றாகத் தூங்கலாம். மூன்றாம் நாள் பாங்காங் கரையில் படுக்கிறீர்களே, அது 4,250க்கு மேல். ஒரே நாளில் படுக்கும் இடம் 1,100 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது எங்கள் கணக்கு, மலையேறுபவர்கள் கணக்கும் அதுதான்.

பாங்காங்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை யாரும் பயணிகளிடம் சொல்வதில்லை. உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் அங்கிருந்து லே மருத்துவமனைக்கு நேர் வழியில் வர, 17,500 அடிக்கு மேலுள்ள சாங் லாவை முதலில் ஏற வேண்டும். செங்காந்தள் மகளின் கணவரை நடு ராத்திரியில் அப்படித்தான் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த ஓட்டுநர் தங்கமான மனிதர்.

நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் மகன் உட்பட. லேயில் இறங்கிய உடனே நன்றாக இருக்கும். அதை நம்பி ஸ்தூபிப் படிக்கட்டு ஏறுவார்கள். தலைவலி 6 மணி நேரம், 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். கூடவே பசியின்மை, குமட்டல், அசதி. இது சாதாரண வகை. இருந்த இடத்திலேயே ஓய்வெடுத்து, தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்தால் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அது போகும்வரை ஒரு அடிகூட மேலே ஏறக் கூடாது. தலைவலியோடு மேலே போகிறவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார்.

நுரையீரல் வகையை செங்காந்தள் எழுதிவிட்டார், அதைவிட நன்றாக யாரும் எழுத முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அதுதான். பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும்.

மூன்றாவது வகை மூளை வீக்கம். ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். விடுப்பில் போய்த் திரும்பியவன், நல்ல கால்பந்து ஆட்டக்காரன். தலைவலியை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கோழை என்பார்களோ என்று. மூன்றாம் நாள் காலை பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தெரியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். சட்டைப் பொத்தான் எல்லாம் மாறிப் போட்டிருக்கிறான். கூட இருந்தவர்கள் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். நான் அவனைக் கூப்பிட்டு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு காலின் குதியை மறு காலின் விரலில் ஒட்ட வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தான். உடனே ஆக்சிஜன், வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோன் ஊசி, அடுத்த ஹெலிகாப்டரில் கீழே. பிழைத்தான். அந்த நாள் அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கோட்டு நடையை நீங்கள் விடுதி வராந்தாவில்கூடச் செய்து பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை.

கற்பூரம். கைலாயம் போகிறவர்கள், அமர்நாத் போகிறவர்கள் எல்லாரும் கொண்டு போகிறார்கள். மோந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு துளிகூட ஏறாது. சாமிக்கு ஏற்றுங்கள். பையன் கையில் கொடுக்காதீர்கள், தெரியாமல் விழுங்கினால் விஷம், வலிப்பு வரும். கடையில் விற்கிற தெளிப்பான் டப்பா ஆக்சிஜனும் வேண்டாம், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். கார் சிலிண்டர் நல்லது, ஆனால் அது இறங்குகிற வழியில் உயிரைப் பிடித்து வைப்பதற்கு. அதை நம்பி ஏறக் கூடாது. ஏறும் முன் நீங்களே அளவுமானியைப் பாருங்கள், முகமூடி இருக்கிறதா பாருங்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று. சிந்துவைப் பார்க்க பாங்காங் போக வேண்டியதே இல்லை அம்மா. சிந்து லேக்குக் கீழேயே ஓடுகிறது. சேய் என்ற ஊருக்குப் போகும் வழியில் சிந்து காட் என்று படித்துறையே இருக்கிறது. லே கடைத்தெருவைவிடத் தாழ்வான இடம்.

---

வைகைக்கரை

ஐயா, செங்காந்தள், புல்லட்_பயணி, மூவருக்கும் நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிந்து காட் என்றதும் பழைய அட்லஸை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். பாங்காங்கை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். கணவருக்கும் லீவு நீட்டிக்க முடிந்தது, இப்போது 8 நாள்.

சில கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. அப்பாவின் பிபி மாத்திரையும் டயமாக்ஸும் ஒன்றாகப் போடலாமா? அம்மா சர்க்கரைக்கு என்ன கவனிக்க வேண்டும்? மகனுக்கு டயமாக்ஸ் உண்டா? அப்புறம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கோவிட் சமயத்தில் வாங்கியது இருக்கிறது. எவ்வளவு காட்டினால் பயப்பட வேண்டும்?

---

வேலூர்_ஹவில்தார்

நல்ல முடிவு அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டயமாக்ஸ் தடுப்புக்கு வழக்கமாகப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று. ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, மேலே போய் இரண்டு நாள் வரை. நேராக விமானத்தில் லே போகிறவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கொடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை யாருக்காவது இருந்தால் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பாவின் பிபி மாத்திரையில் சிறுநீர் பிரிக்கிற மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயமாக்ஸும் சிறுநீரைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு வற்றும், பொட்டாசியமும் இறங்கலாம். மாத்திரை அட்டையை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். முடிந்தால் ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். விரல் நுனி, உதடு எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், சோடா குடித்தால் ருசி கெட்டிருக்கும். இது தெரியாமல் லேயில் முதல் தடவை போட்டுவிட்டு, பக்கவாதம் வந்துவிட்டது என்று அழுத பெரியவரைப் பார்த்திருக்கிறேன்.

மகனுக்கு எடை பார்த்துக் குழந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெதுவாக ஏறினால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அவன் தலை வலிக்கிறது என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விடாதீர்கள்.

உயரத்தில் முதல் சில நாள் பிபி கொஞ்சம் ஏறும். கருவி கொண்டு போங்கள், மாத்திரையை விடாதீர்கள், ஏறியிருக்கிறதே என்று நீங்களாகக் கூட்டவும் கூட்டாதீர்கள். மிக அதிகமாகக் காட்டினால் மருத்துவரைக் கேளுங்கள்.

அம்மா விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மேலே பசி குறையும். சாப்பாடு பாதி, மாத்திரை முழுசு என்றால், சில வகை மாத்திரைகளில் சர்க்கரை இறங்கிவிடும். இறங்கினால் தலைசுற்றல், குழப்பம், தடுமாற்றம். உயர நோய்க்கும் அதே அறிகுறிகள்தான். அம்மா ஒரு மாதிரி இருந்தால் முதலில் விரலில் குத்தி சர்க்கரையைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. குளுக்கோமீட்டர் குளிரில் தப்பாகக் காட்டும், இல்லையென்றால் வேலையே செய்யாது. கைப்பையில் போடாமல் ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பையில் கடலை மிட்டாய், வாழைப்பழம் எப்போதும் இருக்கட்டும். சோறு வேண்டுமென்று அடம் பிடித்தால், லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கரில் வைத்த சோறாகப் பார்த்துக் கேளுங்கள். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் நன்றாக இருக்கும், சூடாக, எளிதில் செரிக்கும். காய்கறி போட்டது எல்லா இடத்திலும் கிடைக்கும்.

ஆக்சிமீட்டர் எண்ணை நோய்க்குத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். லேயில் முதல் நாள் 85இலிருந்து 90க்குள் காட்டும், நம் ஊரில் இப்படிக் காட்டினால் ஓடிப்போய்ப் படுக்கை தேடுவோம், அங்கே அது சாதாரணம். விரலைச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். நான்கு பேருக்கு 88 காட்டி ஒருவருக்கு மட்டும் 74 காட்டினால் அவரைக் கவனியுங்கள். எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லை என்றால் ஆளை நம்புங்கள்.

ராத்திரி ஒன்று நடக்கும், பயப்படாதீர்கள். தூங்குகிறவரின் மூச்சு வேகமாகப் போகும், அப்புறம் சில விநாடி நின்றே போகும், திடீரென்று பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். உயரத்தில் நிறைய பேருக்கு இப்படித்தான். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் திகில். விழித்திருக்கும்போது மூச்சு சீராக இருந்தால் ஒன்றுமில்லை. தூக்க மாத்திரை மட்டும் யாரும் போடக் கூடாது, மூச்சை இன்னும் மந்தமாக்கிவிடும். மதுவும் அப்படியே.

தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதும். அளவுக்கு மீறிக் குடம் குடமாகக் குடித்தால் உப்பு இறங்கி, அதுவே வேறொரு வியாதி. குளிர்க் கண்ணாடியும் வெயில் களிம்பும் மறக்காதீர்கள், அந்த வெயில் நம் சித்திரை வெயிலைவிடத் தோலை உரிக்கும். மூக்கு வறண்டு ரத்தம் கசியும், படுக்கும் முன் ஒரு விரல் தேங்காய் எண்ணெய் மூக்கின் வாயில் தடவுங்கள்.

8 நாள் என்றால் நான் இப்படிப் போவேன். முதல் நாளும் இரண்டாம் நாளும் விடுதி, விடுதித் தோட்டம், அவ்வளவுதான். பெட்டியைக்கூட நீங்கள் தூக்காதீர்கள். மூன்றாம் நாள் சிந்து காட், சேய், திக்சே மடம். திக்சேயில் படி அதிகம், அப்பாவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறச் சொல்லுங்கள். நான்காம் நாள் நிம்மு பக்கம், ஜன்ஸ்கார் ஆறு சிந்துவில் கலக்கிற இடம், அங்கிருந்து ஆல்ச்சி மடம். ஐந்தாம் நாள் எல்லாருக்கும் தலைவலி இல்லாமல் இருந்தால் மட்டும் நுப்ரா, இரண்டு இரவு. கணவாயில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள், அங்கே பையனை ஓட விடாதீர்கள். ஏழாம் நாள் லே, எட்டாம் நாள் விமானம்.

---

செங்காந்தள்

இன்னொன்று அக்கா. வெளியூர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். உங்களில் இரண்டு பேராவது வேறு வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு எடுத்துக்கொண்டு போங்கள். அன்றிரவு எங்கள் இருவரிடமும் இருந்தது ப்ரீபெய்டு.

---

வைகைக்கரை

ஜூன் 14. திரும்பி வந்துவிட்டோம், ஐந்து பேரும் நலம். எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் ஐயா.

தலைவலி வந்தது என் கணவருக்கு. முதல் நாள் இரவு 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் சாயங்காலம் வரை. இரண்டு முறை வாந்தி. பழைய திட்டப்படி என்றால் அந்நேரம் நாங்கள் கர்துங் லாவில் இருந்திருப்போம். வராந்தாவில் கோட்டு நடை நடக்க வைத்தேன், மகன்தான் நடுவர். ஒழுங்காக நடந்தார். மூன்றாம் நாள் காலை பசிக்கிறது என்றார், அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது. அவருக்கு ஆக்சிமீட்டரில் 83, அப்பாவுக்கு 89. அம்மாவுக்கு ஒரு நாள் மதியம் படபடப்பு, சர்க்கரை பார்த்தால் 66. கடலை மிட்டாய் கொடுத்தேன், கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டார். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் உயர நோய் என்று நினைத்து ஆக்சிஜனைத் தேடியிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை 10 மணிக்கு சிந்து காட் போனோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி, கையை வைத்ததும் எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். மகனைக் கூப்பிட்டு, இது எங்கிருந்து வருகிறது, எந்த ஊர் வழியாகப் போகிறது, எங்கே கடலில் கலக்கிறது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாங்காங் போகவில்லை.